விண்டோஸ் 7 டிவிடிக்குள்ளயே அப்டேட்டையும் சேத்து வைக்க முடியுமா?

கேள்வி: எங்க ஸ்டிக்கர் கடையில கட்டிங் ப்ளாட்டரோட சாஃப்ட்வேர் விண்டோஸ் 7ல மட்டும்தான் ஓடுது சார். ஒவ்வொரு தடவையும் பழைய டிவிடிய போட்டு இன்ஸ்டால் பண்ணா, அப்டேட் தேடுறேன்னு விடிய விடிய சுத்திட்டு கடைசில எரர் காட்டுது. அப்டேட்டை டிவிடிக்குள்ளயே ஏத்திக்க வழி இருக்கா? (வாசகர், விருதுநகர்)

பதில்: தாராளமா ஏத்தலாம். எக்ஸ்பி காலத்துல என்லைட்ங்கற சாஃப்ட்வேர வச்சு எஸ்பி3ய (சர்வீஸ் பேக் 3, அப்டேட்டெல்லாம் சேத்த தொகுப்பு) சிடிக்குள்ள ஏத்துனவங்க நம்மள்ல நெறய பேரு, அதே வேலைதான் இது, 7ல இன்னும் சுலபம்.

முதல்ல உங்க டிவிடி எஸ்பி1 (சர்வீஸ் பேக் 1) சேந்ததுதானான்னு பாருங்க, இல்லன்னா எதுவும் ஒட்டாது. அதை அப்படியே ஹார்ட்டிஸ்க்ல ஒரு ஃபோல்டருக்கு காப்பி பண்ணுங்க. உள்ள சோர்சஸ் ஃபோல்டர்ல இன்ஸ்டால்.விம்னு ஒரு பெரிய ஃபைல் இருக்கும், மொத்த விண்டோஸும் அதுக்குள்ளதான். 7லயே இருக்குற டிஸ்ம் (DISM) கமாண்ட வச்சு அதை ஒரு காலி ஃபோல்டர்ல மவுன்ட் பண்ணி (அதாவது தொறந்து வச்சு), அப்டேட்ட ஆட் பண்ணி, கமிட் குடுத்து (மாத்துனத சேவ் பண்ணி) மூடணும், அவ்ளோதான். ஹோம், ப்ரொஃபெஷனல், அல்டிமேட்னு உள்ள ஒவ்வொண்ணுக்கும் தனி இன்டெக்ஸ் நம்பர் இருக்கும், நீங்க போடுற எடிஷனுக்கு மட்டும் செஞ்சா போதும்.

எதை ஏத்தணும்ங்கறதுலதான் சூட்சுமம் இருக்கு. நூத்துக்கணக்குல தேடி எறக்க வேணாம், மைக்ரோசாஃப்ட் 2016ல அதுவரைக்கும் வந்ததுல பெரும்பாலானத ஒரே பொட்டலமா கட்டி கேபி3125574னு குடுத்துருச்சு. ஆனா அதுக்கு முன்னாடி கேபி3020369 ஏறியிருக்கணும், மாத்தி ஏத்துனா பொருந்தாதுன்னு திருப்பி அனுப்பிடும். அப்புறம் கேபி4490628, கேபி4474419, இந்த ரெண்டையும் மறக்காதீங்க, ஷா-2 கையெழுத்த 7 ஏத்துக்க இதுக வேணும். 2019லருந்து அப்டேட்டுக்கெல்லாம் ஷா-2 கையெழுத்து (மைக்ரோசாஃப்ட் குடுத்ததுதான்னு காட்டுற டிஜிட்டல் முத்திரை) மட்டும்தான்னு மாத்திட்டாங்க, 2020ல பழைய ஷா-1 சர்வரையும் மூடிட்டாங்க, உங்களுக்கு கடைசில எரர் வர்றதுக்கு பெரும்பாலும் இதான் காரணம். எல்லாமே மைக்ரோசாஃப்ட்டோட அப்டேட் கேட்டலாக் சைட்ல கிடைக்கும், 32 பிட்டா 64 பிட்டான்னு பாத்து எறக்குங்க.

ஒரு விஷயம், நான் பட்டது. மவுன்ட் பண்ண ஃபோல்டரை எக்ஸ்ப்ளோரர்ல தொறந்து வேடிக்கை பாத்துட்டு அப்படியே கமிட் குடுத்தேன், முழுசா மூட முடியலன்னு பாதில நின்னுருச்சு, மறுபடி முதல்லருந்து, ஒரு சாயங்காலமே போச்சு. ஜன்னலையெல்லாம் மூடிட்டு குடுங்க.

கடைசில அந்த டிவிடி ஃபோல்டரை ஐஎஸ்ஓ (மொத்த டிவிடியும் அடங்குன ஒரே ஃபைல்) ஆக்கி டிவிடில எழுதிக்கலாம், 4.7 ஜிபி டிவிடில அடங்கலன்னா ரூஃபஸ்ங்கற சாஃப்ட்வேர வச்சு பென்டிரைவ்ல போட்டுக்கோங்க. புது மதர்போர்டா இருந்தா யூஎஸ்பி 3 டிரைவரையும் பூட்.விம்லயும் (செட்டப்ப ஓட்டுற ஃபைல்) இன்ஸ்டால்.விம்லயும் சேருங்க, இல்லன்னா செட்டப்ல கீபோர்டு மவுஸ் ரெண்டும் செத்துக் கிடக்கும்.

கேள்வி: இவ்ளோ எதுக்கு, எல்லாம் ஏத்துன ஐஎஸ்ஓவே டோரன்ட்ல கிடைக்குதே? (இன்னொரு வாசகர்)

பதில்: அதுக்குள்ள அப்டேட்டோட வேற என்ன ஏத்தியிருக்கான்னு யாருங்க பாத்தா? 2020 ஜனவரி 14ஓட இலவச சப்போர்ட்டும் முடிஞ்சுபோன சிஸ்டம் அது. நீங்களே செய்ங்க, செஞ்சத கடை கணக்கு பாக்குற மெஷின்ல போடாதீங்க, ப்ளாட்டருக்கு மட்டும் வச்சு நெட் ஒயரை கழட்டி விட்ருங்க.