ஒருக்களிச்சுப் படுக்குறவங்களுக்கு எந்த ஹம்மாக்? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எனக்கு 41 வயசு, ரெண்டு வருஷமா கீழ் முதுகுல வலி. டாக்டர்கிட்ட காட்டியாச்சு, டிஸ்க்ல ஒண்ணும் இல்ல, தசைப்பிடிப்புதான்னு சொல்லி எக்சர்சைஸ் குடுத்திருக்காங்க. மல்லாக்கப் படுத்தா எனக்குத் தூக்கமே வராது, சின்ன வயசுலருந்தே ஒருக்களிச்சுதான். கேம்பிங் போனா டென்ட்ல தரையில படுத்து இடுப்பும் தோளும் நசுங்கி, காலையில எந்திரிக்கவே முடியல. சரின்னு ஃப்ரெண்டோட ஹம்மாக்கை, அதான் ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டித் தொங்கவிடுற துணிப் படுக்கையை, இரவல் வாங்கிப் படுத்தேன், ஒரு மணி நேரத்துல முதுகு வில்லா வளைஞ்சு போச்சு. ஹம்மாக்கே எனக்கு ஒத்துவராதா, இல்ல வேற மாடல் பாக்கணுமா?
- ஒரு வாசகி

பதில்: அதுக்குள்ள ஒத்துவராதுன்னு முடிவு கட்டாதீங்கம்மா. எனக்கும் ஒருக்களிச்சாதான் தூக்கம், எனக்கும் கீழ் முதுகுதான் தொல்லை, அதனால நீங்க சொல்ற அந்த ஒரு மணி நேரம் எப்படி இருந்திருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். நீங்க இரவல் வாங்கினது அனேகமா ரெண்டு முனையிலயும் துணியைச் சுருக்கிக் கட்டுற சாதாரண மாடல், நீளமும் ஒரு ஒன்பது அடிதான் இருக்கும், அதுல கயிறு போற திசையிலயே நேரா படுத்திருப்பீங்க. அப்படிப் படுத்தா இடுப்பு பள்ளத்துல இறங்கிடும், தலையும் காலும் மேல நிக்கும். மல்லாக்கப் படுக்குறவங்க உடம்பு அந்த வளைவைக் கொஞ்ச நேரம் தாங்கும், ஏன்னா உக்கார்றப்ப குனியுறப்ப எல்லாம் நம்ம முதுகு முன்பக்கமா வளைஞ்சு பழகினதுதான். ஒருக்களிச்சா முதுகெலும்பு ராத்திரி முழுக்க பக்கவாட்டுல வளைஞ்சே கிடக்கணும், அதுதான் உங்களைக் கொன்னிருக்கு. போதாக்குறைக்கு ரெண்டு பக்கத் துணியும் ஏறி வந்து தோளை முன்னாடி தள்ளும், முழங்காலை மடக்கவும் இடம் இருக்காது.

அதனால கடையில "இது ரொம்ப சாஃப்ட்டா இருக்கும்"னு சொன்னா அதைக் காதுலயே வாங்காதீங்க, உங்களுக்கு வேண்டியது மெத்துனு இருக்குறது இல்ல, தட்டையா இருக்குறது.

புதுசு வாங்குறதா இருந்தா நான் முதல்ல கையைக் காட்டுறது குறுக்க படுக்குற ஹம்மாக்கைத்தான். ரெண்டு மரத்துக்கும் நடுவுல கயிறு ஒரு திசையில போகும், நீங்க அதுக்கு 90 டிகிரி குறுக்கா படுப்பீங்க. நார்வே கம்பெனி ஆமோக்கோட டிராமர்ங்கற மாடல் இந்த வகைதான். உள்ள ஒரு பாக்கெட் மாதிரி இருக்கும், அதுல காத்தடிச்ச மெத்தையைச் சொருகணும், அந்த மெத்தையோட விறைப்புலதான் படுக்கை தட்டையா நிக்குது. தாராளமா ஒருக்களிக்கலாம், முழங்காலை வயித்துப் பக்கம் இழுத்துக்கலாம், புரண்டும் படுக்கலாம். குறைன்னா வெயிட்டும் மூட்டையும் கொஞ்சம் பெருசு, மெத்தையும் சின்னதா மெல்லிசா இருந்தா வேலைக்கு ஆகாது, எந்த சைஸ் மெத்தைன்னு கம்பெனி சொல்லுதோ அதையே போடுங்க.

அடுத்தது பிரிட்ஜ் ஹம்மாக். தலைமாட்டுல ஒரு கம்பு, கால்மாட்டுல ஒரு கம்பு, துணியோட ரெண்டு ஓரத்தையும் பிடிச்சுத் தொங்கவிட்டிருக்கும், வார்பானெட் கம்பெனியோட ரிட்ஜ்ரன்னர் மாடல் இந்த ரகம். தலையிலருந்து கால் வரைக்கும் கட்டில் மாதிரி நேரா இருக்கும், முதுகுக்கு அருமை. ஆனா ஓரம் மேல ஏறி வர்றதால தோள் அகலமானவங்களுக்கு ரெண்டு பக்கமும் நெருக்கும், தலைமாட்டுக் கம்பு எவ்வளவு அகலம்னு பாத்துட்டு வாங்குங்க. இதையும் கம்பு வச்ச கயித்து வலை ஹம்மாக்கையும் ஒண்ணுன்னு நெனச்சிடாதீங்க, அந்த வலையில புரண்டு படுத்தா அப்படியே கவுத்து விட்டுடும், ராத்திரி தூங்க அது வேணாம்.

காசு போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை அந்த சாதாரண மாடலையே சரியாப் படுத்துப் பாருங்க, பதினோரு அடி நீளம் அஞ்சு அடிக்குக் குறையாத அகலம் உள்ளதா கெடச்சா இன்னும் நல்லது. நடுக்கோட்டுல படுக்காம தலையை ஒரு ஓரத்துக்கும் காலை எதிர் ஓரத்துக்கும் கொண்டு போய் மூலைவாட்டத்துல படுங்க, துணி உங்களுக்குக் கீழ விரிஞ்சு வளைவு நல்லாக் குறைஞ்சிடும். கால்மாட்டைத் தலைமாட்டைவிட ஒரு சாண் ஒசத்திக் கட்டுனா காலை நோக்கி வழுக்கிப் போக மாட்டீங்க. கெண்டைக்கால்கிட்ட துணி ஒரு கோடு மாதிரி விறைச்சு அழுத்தும், முழங்காலுக்குக் கீழ மடிச்ச ஜாக்கெட்டை வச்சா அது அடங்கும். இதுல முழுசா ஒருக்களிக்க முடியாது, முக்கால்வாசி திரும்பி முழங்காலை மடக்கி, நடுவுல ஒரு தலையணை வச்சுப் படுக்கலாம். அந்தத் தலையணையை மட்டும் எந்த மாடல் வாங்கினாலும் விட்டுடாதீங்க, அது இல்லன்னா மேல் கால் சரிஞ்சு விழுந்து இடுப்பை முறுக்கும், விடியுறப்ப வலிக்கிறதுக்கு அந்த முறுக்கும் ஒரு காரணம்.

எது சரின்னு தெரிய ஒரு வழி இருக்கு. பழைய டீ-ஷர்ட் முதுகுல, கழுத்துக்குக் கீழருந்து இடுப்பு வரைக்கும் முதுகெலும்பு மேலயே சாக்பீஸால அஞ்சாறு புள்ளி வச்சுக்கோங்க. ஹம்மாக்ல ஒருக்களிச்சுப் படுத்து ஒரு பத்து நிமிஷம் உடம்பைத் தளர விட்டுட்டு யாரையாவது பின்னாடிலருந்து ஃபோட்டோ எடுக்கச் சொல்லுங்க. புள்ளி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கோட்டுல இருந்தா அது உங்களுக்கானது, நடுப்புள்ளி தொங்கி சிரிக்கிற வாய் மாதிரி தெரிஞ்சா வேணாம். படுத்த முதல் அஞ்சு நிமிஷம் எல்லா ஹம்மாக்குமே சொகமாத்தான் இருக்கும், அதை நம்பாதீங்க.

கேள்வி: கயித்த நல்லா இழுத்து டைட்டா கட்டினா ஹம்மாக் தட்டையாயிடுமே, அப்புறம் எதுக்கு வேற மாடல்?

பதில்: இதை அத்தனை பேரும் செஞ்சு பாக்குறோம் தம்பி, ஆனா ஆகாது. சுருக்கிக் கட்டுற மாடல்ல டைட்டா இழுத்தா ஓரம் ரெண்டும் விறைச்சு உள்பக்கம் மடங்கி நீங்க நடுவுல ஒரு பள்ளத்துல மாட்டிக்குவீங்க, மூலைவாட்டத்துல படுக்கவும் விடாது. தளர்வா விட்டாத்தான் தட்டையாப் படுக்க முடியும். கயிறு கிடைமட்டத்துலருந்து 30 டிகிரி சாய்வுல இருக்கணும், கையை துப்பாக்கி மாதிரி வச்சு ஆள்காட்டி விரல் நுனியிலருந்து கட்டைவிரல் நுனிக்கு ஒரு கோடு போட்டா ஒரு சாய்வு வருது பாருங்க, ஏறக்குறைய அதுதான். இன்னொரு விஷயம் பாதுகாப்பு. 60 கிலோ ஆள் 30 டிகிரில படுத்தா ஒவ்வொரு பக்கக் கயித்துலயும் 60 கிலோ இழுவை, 10 டிகிரிக்கு இழுத்துக் கட்டினா அதே ஆளுக்கு 170 கிலோவுக்கு மேல, 5 டிகிரின்னா 340 கிலோவைத் தாண்டும். ஏற்கெனவே முதுகு வலி இருக்குறவங்க அறுந்து விழுந்தா என்ன ஆகும்னு யோசிங்க. உக்காந்தா சீட் முழங்கால் உசரத்துக்கு, அதாவது 45 சென்டிமீட்டர் பக்கம் இருந்தா போதும், அதுக்கு மேல வேண்டாம்.

கேள்வி: ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள படுத்தும் முதுகு குளிர்ல வெறைச்சு வலி கூடுது, ஏன்?

பதில்: உங்க வெயிட்டுல அடிப்பக்கத்துப் பஞ்சு நசுங்கிடுதுங்க, நசுங்கின பஞ்சு சூட்டைப் பிடிச்சு வைக்காது, கீழ காத்து வேற ஓடிட்டே இருக்கும். ஹம்மாக்குக்கு வெளிய அடியில தொங்கவிடுற அண்டர்குயில்ட்ங்கற பஞ்சுப் போர்வை நசுங்காது, அதனால நல்லாக் காக்கும். குறுக்க படுக்குற மாடல்ல அந்த மெத்தையே இந்த வேலையைச் செஞ்சிடும், ஆனா குளிர் தாங்குற மெத்தையாப் பாத்து எடுக்கணும், வெறும் காத்து மட்டும் உள்ள மெத்தை சில்லுனு ஆயிடும்.

கேள்வி: ஹம்மாக்ல படுத்தா வலது கால் மரத்துப் போகுது, வலி தொடையிலருந்து பாதம் வரைக்கும் இறங்குது. எந்த மாடலுக்கு மாறலாம்?

பதில்: மாடல் அப்புறம் பாக்கலாம், முதல்ல டாக்டரைப் பாருங்க. கால் வரைக்கும் இறங்குற வலியும் மரப்பும் நரம்பு அழுத்தமா இருக்கலாம். கால்ல பலம் குறைஞ்சாலோ, ஒண்ணுக்கு ரெண்டுக்கு அடக்க முடியாமப் போனாலோ, தொடை இடுக்குல உணர்ச்சி குறைஞ்சாலோ நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாதீங்க, அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். அதுவரைக்கும் ஹம்மாக்கைச் சுருட்டி வைங்க. டாக்டர் சரின்னு சொன்ன பிறகு முதல்ல பகல்ல இருபது நிமிஷம் படுத்துப் பாருங்க. எந்திரிக்கிறப்ப வயித்தை மடக்கி எம்பாதீங்க, ஒரு பக்கமாப் புரண்டு ரெண்டு காலையும் வெளிய தொங்கவிட்டு, கையை ஊனி உக்காந்து, ரெண்டு பாதமும் தரையில பதிஞ்சப்புறம் மெதுவா நில்லுங்க.