தகவல் தொடர்பு, கணினி வலையமைப்பு ஆகிய இரண்டு பாடங்களையும் பொறியியல் கல்லூரியில் நடத்துவதில் எது கடினம்?

வேலூர் வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் இவ்விரண்டு பாடங்களையும் நடத்தி வருகிறேன். குடியாத்தம், ஆரணி, போளூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவர்கள் கணக்கைச் சளைக்காமல் போட்டுவிடுகிறார்கள். வந்த விடை நியாயமான எண்தானா என்று அவர்களையே கேட்க வைப்பதுதான் பெரும்பாடு.

இணையத் திட்டத்தை நொடிக்கு 10 மெகாபிட்டிலிருந்து 100 மெகாபிட்டுக்கு உயர்த்தினால் பிங் நேரமும் (ஒரு சர்வருக்குச் செய்தி போய்ப் பதில் திரும்பி வரும் நேரம்) பத்தில் ஒரு பங்காகிவிடும் என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். ஆகவே லேப்பில் முதலில் காகிதத்தில் கணக்கிடச் சொல்கிறேன். வேலூரிலிருந்து சென்னை சாலை வழியாக ஏறத்தாழ 140 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், போய்த் திரும்ப 1.4 மில்லிநொடி போதும். 1500 பைட் பாக்கெட் (வலையில் அனுப்பும் தரவுத் துண்டு) என்பது 12,000 பிட். அதை இணைப்பில் ஏற்றி முடிக்க 10 மெகாபிட்டில் 1.2 மில்லிநொடியும், 100 மெகாபிட்டில் 0.12 மில்லிநொடியும் ஆகும். திட்டத்தை உயர்த்துவதால் குறைவது இந்த ஏற்றும் நேரம் மட்டுமே. பிறகு சென்னையில் உள்ள சர்வர் ஒன்றுக்கு பிங் அனுப்பிப் பார்த்தால், திரையில் வரும் எண் பெரும்பாலும் இக்கணக்கைவிடக் கூடுதலாகவே இருக்கும். மிச்ச நேரம் எங்கே போயிற்று என்று அவர்களே கேட்கும்போது, ரவுட்டர்களில் (பாக்கெட்டை அடுத்த இணைப்புக்குத் திருப்பிவிடும் கருவிகளில்) பாக்கெட் வரிசையில் காத்திருப்பதையும், கேபிள் நேர்வழியில் போக வேண்டிய கட்டாயமில்லை என்பதையும் சொல்ல எனக்கு வழி பிறக்கிறது. (வரிசையில் காத்திருப்பதைக் காட்பாடி ரயில்வே மேம்பால நெரிசலை வைத்து விளக்கினால் இங்கே யாருக்கும் மறுவிளக்கம் தேவைப்படுவதில்லை.)

தகவல் தொடர்புப் பாடத்தில் இதற்கு ஈடானது, கிளாட் ஷானன் என்ற கணிதவியலாளர் 1948-இல் வெளியிட்ட கொள்ளளவுச் சூத்திரம்; ஒரு தடத்தில் நொடிக்கு அதிகபட்சம் எத்தனை பிட்டைப் பிழையின்றி அனுப்பலாம் என்று அது சொல்கிறது. தொலைபேசித் தடத்தின் பட்டை அகலம் (அது கடத்தும் அதிர்வெண்களின் வீச்சு) 3100 ஹெர்ட்ஸ், சிக்னல்-இரைச்சல் விகிதம் 30 டெசிபல் (சிக்னலின் திறன் இரைச்சலைப் போல் ஆயிரம் மடங்கு) என்று கொண்டால், நொடிக்குச் சுமார் 31,000 பிட்தான் விடையாகக் கிடைக்கும். அப்படியானால் அதே தொலைபேசித் தடத்தில் நொடிக்கு 56,000 பிட் வரை இறக்கக்கூடிய 56 கே மோடம் எப்படி வேலை செய்தது என்று யாராவது ஒருவர் கேட்டுவிட்டால் அன்றைய வகுப்பு பிழைத்துக்கொள்ளும். இணைய சேவை நிறுவனத்தின் முனை நேரடியாக டிஜிட்டல் வலையில் இணைந்திருந்ததால், இறங்கும் திசையில் அனலாக்கை டிஜிட்டலாக்கும்போது சேரும் இரைச்சல் இல்லாமற்போயிற்று; சூத்திரம் பொய்க்கவில்லை, அதில் இடவேண்டிய இரைச்சல் மதிப்புதான் மாறியது.

தேர்வு முறை இதற்கு அதிகம் துணை செய்வதில்லை. 13 மதிப்பெண் வினாவுக்கு டெரிவேஷனை (சூத்திரத்தை வருவிக்கும் படிகளை) ஒப்பித்தாலே போதும் என்றிருக்கையில், மாணவர்களைக் குறை கூறுவது நேர்மையாகாது. வகுப்பில் தமிழில் தெளிவாகப் பேசுபவர்கூட, விடைத்தாளில் மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியங்களை இறக்கிவைத்துவிடுகிறார். எனவே லேப் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நான் தமிழிலேயே கேட்கிறேன். சூத்திரத்தைச் சொல்லச் சொல்வதில்லை, ஓர் எண்ணைக் கொடுத்து இது நடக்கக்கூடியதா, ஏன் என்று மட்டும் கேட்கிறேன்.