கூரைத் தகரத்தில் துரு

கேள்வி: எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) கூரைத் தகரம் ஆணி அடித்த இடங்களில் துருப்பிடித்துள்ளது. சென்ற ஆண்டு பூசிய எண்ணெய் பெயின்டும் உரிந்துவிட்டது. என்ன செய்யலாம்?
– ஹட்டன் வாசகர்

பதில்: இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் சேர்ந்தே தேவை, மழை ஓய்ந்த பின்னும் மூடுபனி தகரத்தை நனைத்துக்கொண்டேயிருக்கும் நமது மலையகத்தில் இரண்டுக்கும் குறைவில்லை. தகரத்தின் மேலுள்ள நாகப்பூச்சு (துத்தநாக உலோகப் பூச்சு) வெறும் போர்வை அன்று. சிறு கீறல் விழுந்தாலும், இரும்பைவிட எளிதில் அரிபடும் நாகம் முதலில் தான் கரைந்து அருகிலுள்ள இரும்பைக் காக்கும். அது தீர்ந்துபோன இடத்திலேயே செந்துரு தோன்றும்.

பெயின்ட் உரிந்ததற்கு இரு காரணங்களைச் சந்தேகிக்கிறேன். ஒன்று, தளர்ந்த துருவின் மேலேயே பூசியிருக்கலாம். மற்றது பலர் அறியாதது: எண்ணெய் பெயின்டை நாகத்தின் மேல் நேரடியாகப் பூசினால், இரண்டும் வினைபுரிந்து சவர்க்காரம் போன்ற படலம் உருவாகி, பூச்சின் பிடிப்பைத் தளர்த்திவிடும்.

ஆகவே, மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரையான காலத்தில், பனி உலர்ந்த பின், பழைய பூச்சையும் துருவையும் கம்பித் தூரிகையால் சுரண்டி, அடுப்புப் புகைக்கரியைக் கழுவி, நன்கு காயவிட்டு, நாகத் தகரத்துக்கென விற்கப்படும் முதற்பூச்சை அன்றே பூசுங்கள். அதன்மேல் கூரை பெயின்ட் இருமுறை போதும். ஓட்டை விழுந்த தகரத்தை மாற்றிவிடுங்கள். அரித்த தகரம் ஆளைத் தாங்காது. பலகை இட்டே ஏறுங்கள்.