மேலவையில் அரசாங்கத் தலைவர் என்பவர் பிரதமரா?

பொதுவாக இல்லை. மேலவையில் அரசாங்கத்தின் குரலாக இருந்து, சட்டமூலங்களை நிறைவேற்றிக்கொண்டு போகும் பொறுப்புள்ளவரே அவர். பெரும்பாலும் ஓர் அமைச்சர். எந்த அலுவலை எப்போது எடுப்பது என்பதை எதிர்த்தரப்போடு பேசி முடிவுசெய்வதும் அவர் வேலைதான். அமர்வுகளுக்குத் தலைமை தாங்கி நடத்துபவரோடு அவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கல்லடியில் என்னிடம் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் சறுக்குவதும் இங்கேதான். கரும்பலகையில் இரண்டு பெட்டி வரைந்து, பிரதமரை எப்போதும் கீழவைப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுவார்கள். அப்போது நம் நாட்டு உதாரணத்தையே சொல்வேன். 1947 முதல் 1971 வரை இலங்கையில் 30 பேர் கொண்ட செனட் சபை என்ற மேலவை இருந்தது. நீதி அமைச்சர் உட்படக் குறைந்தது இரண்டு அமைச்சர்கள் அதிலிருந்தே வரவேண்டும் என்பது அன்றைய அரசியலமைப்பான சோல்பரி யாப்பின் விதி. அமைச்சரே இல்லாத அவையில் அரசாங்கத்துக்காக யார் பதில் சொல்வது? 1960 இல் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்கவே செனட் உறுப்பினர்தான், கீழவையை சி. பி. டி சில்வா முன்னின்று நடத்தினார்.

இந்தியாவிலும் அப்படியே. மன்மோகன் சிங் பிரதமராக இருந்தபோது மேலவையான மாநிலங்களவையில் அரசாங்கத் தலைவரும் (அவை முன்னவர்) அவரே. பிரதமர் கீழவையான மக்களவையின் உறுப்பினராக இருந்தால் அந்தப் பொறுப்பு ஓர் அமைச்சருக்குப் போகும்.