பரு போன பிறகு கருமையும் குழியும்: கல்யாணத்துக்கு முன் என்ன செய்யலாம்?

தேவகோட்டையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: பரு நின்றுவிட்டது, ஆனால் கன்னத்தில் கருந்திட்டுகளும் சின்னக் குழிகளும் தங்கிவிட்டன. தை மாதம் கல்யாணம். லேசர் செய்யலாமா, இல்லை நல்ல க்ரீம் ஏதும் இருக்கிறதா?

நான் காரைக்குடி. எனக்கும் இந்த இரண்டும் இருந்தன. கருமை போய்விட்டது, குழிகள் நன்றாகக் குறைந்திருக்கின்றன, வலது கன்னத்தில் கொஞ்சம் இன்னும் உண்டு. நான் டாக்டர் இல்லை. சிகிச்சை எடுத்தவள், அதைப் பற்றி நிறையப் படித்தவள்.

கருமை வேறு, குழி வேறு. கருமைக்கான மருந்து குழியை மேடாக்காது. குழிக்கான சிகிச்சையை அவசரமாகச் செய்தால் கருமை இன்னும் கூடலாம். கண்களை மூடிக்கொண்டு விரலால் கன்னத்தைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் அங்கே நிறம் மட்டும்தான் மாறியிருக்கிறது. பள்ளம் தட்டுப்பட்டால் அது தழும்பு. நிறைய பேருக்கு இரண்டும் கலந்துதான் இருக்கும்.

கருமை எப்படி வருகிறது? பரு வீங்கிச் சிவந்த இடத்தில் தோல் கூடுதலாக மெலனின் என்ற நிறமியைச் சுரக்கிறது. மாநிறமும் கறுப்பும் உள்ள நம் தோலில் இது அதிகம். மேலடுக்கில் தங்கிய கருமை பழுப்பாகத் தெரியும், சில மாதங்களில் தானாகவே மங்கும். ஆழத்தில் இறங்கியது சாம்பல் கலந்து தெரியும், போக ரொம்ப நாள் எடுக்கும். அதை மங்கவிடாமல் பிடித்து வைத்திருப்பது வெயில்தான். நம் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். ஸ்கூட்டரில் போகும்போது முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டால் போதும் என்று நினைக்கிறோம், போதாது. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகம், கழுத்து முழுக்கப் பூசுங்கள். வெளியில் இருந்தால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். நம் நிறத்துக்குப் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கருமையைத் தூண்டும். அதனால் இரும்பு ஆக்சைடு சேர்ந்த, லேசாக நிறம் உள்ள சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது. இதை விட்டுவிட்டு எந்த க்ரீம் போட்டாலும் பணம்தான் வீண்.

க்ரீம்களில் அசெலாயிக் ஆசிட் எனக்கு ரொம்பப் பிடித்தது. 10 முதல் 20 சதவீதம் வரை கிடைக்கிறது. கருமையையும் குறைக்கும், புதுப் பருவையும் தடுக்கும், கர்ப்ப காலத்திலும் பாதுகாப்பானதாகக் கருதப்படுவது. இரவில் போடும் அடாபலீன், ட்ரெட்டினோயின் இரண்டும் நன்றாக வேலை செய்யும், ஆனால் ஆரம்பத்தில் தோல் உரியும், எரியும். ஒருநாள் விட்டு ஒருநாள், பட்டாணி அளவில் தொடங்க வேண்டும். கல்யாணமாகிக் குழந்தைக்குத் திட்டமிடும்போது இந்த இரண்டையும் நிறுத்திவிட வேண்டும். பருவுக்காக ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: அது கருவிலுள்ள குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும், நிறுத்திய பிறகும் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. தை மாதம் கல்யாணம் என்பதை டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கருமையைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன் க்ரீம் வலுவானது, ஆனால் டாக்டர் சொல்லும் சில மாதங்களுக்கு மட்டும்தான். வருடக்கணக்கில் போட்டால் தோல் நீலம் கலந்த கருமையாகிவிடலாம், அதைப் போக்குவது மிகக் கடினம்.

இப்போது நான் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். என் அயித்தை மகளுக்கு, 'கல்யாணப் பொண்ணு, சீக்கிரம் பளிச்சுனு ஆகணும்' என்று சொல்லி ஒரு மருந்துக் கடையில் சின்ன ட்யூப் ஒன்றைக் கொடுத்தார்கள். பத்து நாளில் முகம் பளபளத்தது, வீடே சந்தோஷப்பட்டது. மாதங்கள் போனதும் தோல் மெலிந்து, நரம்பெல்லாம் சிவப்பாகத் தெரிந்து, க்ரீமை நிறுத்தினால் முகம் தீயாய் எரிந்து பரு கொத்துக் கொத்தாக வந்தது. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், கூடவே மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு மூன்றும் கலந்த க்ரீம் அது. டாக்டர் குறிப்பிட்ட நாளுக்குத் தந்தால் அது மருந்து. சிவப்பழகு க்ரீமாக மாதக்கணக்கில் பூசினால் முகத்தையே கெடுத்துவிடும். இதனால் நாடு முழுக்கப் பாதிப்பு பெருகி, 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. அப்படியும் கடைகளில் கேட்டால் கொடுக்கிறார்கள். ட்யூபின் பின்னால் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால், சீட்டு இல்லாமல் முகத்தில் வைக்காதீர்கள். லேபிளே சரியாக இல்லாத வெளிநாட்டு வெள்ளை க்ரீம்களில் பாதரசம் இருக்கலாம். கேரளாவின் மலப்புரத்தில் 2023-ல் அப்படிப்பட்டவற்றால் சிலருக்குச் சிறுநீரகமே பாதித்தது.

கருந்திட்டு மறைந்து உங்கள் சொந்த நிறத்துக்குத் திரும்புவதுதான் சிகிச்சை. அதைவிட வெளுப்பாக்குகிறேன் என்று சொல்பவரிடம் போகவே போகாதீர்கள்.

வீட்டு வைத்தியம் பற்றியும் கேட்பார்கள். அப்பத்தா சொல்லும் பயத்தமாவில் முகம் கழுவலாம், தேய்க்காமல். எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டாம். அதைப் பூசி வெயிலில் போனால் தோல் வெந்து புதுக் கருமை வரும்.

சரி, குழிகள். இதற்கு க்ரீம் பெரிதாக உதவாது. குழியின் வடிவத்தைப் பார்த்துத்தான் சிகிச்சை. ஊசியால் குத்தியது போல் ஆழமான சின்னத் துளைகள் ஒரு வகை. அதற்குள் மட்டும் டிசிஏ என்ற வலுவான அமிலத்தைத் தொட்டு வைப்பார்கள். அலை அலையாக இறங்கி, தோலை இழுத்துப் பிடித்தால் மறையும் பள்ளங்கள் இன்னொரு வகை. அங்கே உள்ளே நார்கள் கூடாரக் கயிறு மாதிரி தோலைக் கீழே இழுத்துக் கட்டியிருக்கும். சப்சிஷன் என்ற சிகிச்சையில் மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கடியில் வேறொரு ஊசியை விட்டு அந்த நாரை அறுத்துவிடுவார்கள். எனக்கு அதிகப் பலன் தந்தது இதுதான். சில நாள் கன்னம் கன்றிப்போய் நீலமாக இருக்கும், வீட்டில் பார்த்தவர்கள் பதறினார்கள், பிறகு சரியாகிவிட்டது. ஓரம் செங்குத்தாக இறங்கும் பெட்டி வடிவக் குழிகளுக்கு, நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங், புள்ளி புள்ளியாகப் பாய்ச்சும் ஃப்ராக்ஷனல் லேசர் போன்றவை.

லேசர் தப்பானது இல்லை. ஆனால் அதில் ஒரு வகையான கார்பன் டை ஆக்சைடு லேசரின் சூடு, நம் நிறத்தில் மறுபடியும் கருமையைக் கிளப்ப வாய்ப்பு உண்டு. மைக்ரோநீட்லிங்கில் அந்தப் பயம் குறைவு. லேசர்தான் என்று டாக்டர் முடிவு செய்தால், காதருகே சின்ன இடத்தில் முதலில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பார்லரில் ஊசி பதித்த ரோலரை உருட்டிக்கொள்ள வேண்டாம். ஒருவருக்குப் பயன்படுத்தியதை இன்னொருவருக்குப் பயன்படுத்தினால் ரத்தம் வழியாக நோய் தொற்றலாம். தாடை, மார்பு, தோளில் தழும்பு மேடாகத் தடித்து வளரும் உடம்பு என்றால் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

குழி எதுவாக இருந்தாலும் முழுசாக மறையாது. பாதிக்கு மேல் குறைந்தாலே நல்ல பலன். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை என்று பல முறை போக வேண்டியிருக்கும், தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதம் புதிதாக வளர மாதங்கள் ஆகும். உங்களுக்கு இருக்கும் நாளில் சன்ஸ்கிரீனும் க்ரீமும் இப்போதே ஆரம்பிக்கலாம். குழிக்குக் கார்த்திகைக்குள் முடியும் அளவு மட்டும் செய்துகொண்டு, மீதியைக் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் புதிதாக எதையும் முகத்தில் தொடாதீர்கள், ஃபேஷியல்கூட வேண்டாம்.

தோல் நோய்க்கென்றே எம்.டி. அல்லது டிப்ளமோ படித்தவராகப் பாருங்கள். செலவு யோசனையாக இருந்தால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ காலையில் போய்த் தோல் பிரிவில் காட்டலாம். முகத்தில் எதுவும் பூசாமல் போங்கள். இதுவரை போட்ட எல்லா ட்யூபையும், காலியானதாக இருந்தாலும், பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.