உளுந்து வேர் முடிச்சின் உள்ளே சிவப்பாக இருப்பது ஏன்?

அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின். நம் ரத்தத்து ஹீமோகுளோபினுக்கு உறவான புரதம். செடிதான் இதைத் தயாரிக்கிறது.

முடிச்சுக்குள் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா, காற்றின் நைட்ரஜனைத் தழைச்சத்தாக்குகிறது. இதைச் செய்யும் நைட்ரோஜினேஸ் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டுமே! லெக்ஹீமோகுளோபின் சொட்டுநீர்க் குழாய் மாதிரி: வெள்ளமாக விடாது, காயவும் விடாது.

இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. முடிச்சில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு இயல்பாகவே கொஞ்சம் உண்டாகும். மிகுந்தால் நைட்ரோஜினேஸை முடக்கும். ஆக்சிஜன் ஏந்திய லெக்ஹீமோகுளோபின் அந்த வாயுவை நைட்ரேட்டாக மாற்றிவிடுகிறது. வயலில் தண்ணீர் தேங்கினால் கதை மாறும்: ஆக்சிஜன் குறையும், நைட்ரிக் ஆக்சைடு பெருகும், லெக்ஹீமோகுளோபினின் இரும்பிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆக்சிஜனுக்கு அங்கே இடமில்லை. பயறு வகைகளுக்கு வடிகால் அவ்வளவு முக்கியம்.

விதைத்து 30 முதல் 35 நாளில் பார்க்கலாம். செடியைப் பிடுங்காதீர்கள், முடிச்சு மண்ணிலேயே உதிர்ந்துவிடும். மண்ணோடு தோண்டி, தண்ணீரில் அலசி, ஒரு முடிச்சை நகத்தால் கீறுங்கள். இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. பச்சை, பழுப்பு என்றால் முடிச்சு முதிர்ந்துவிட்டது.

முடிச்சு நிறைய இருந்தாலே தழைச்சத்து கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். உள்ளே வெள்ளையாக இருக்கும் முடிச்சு எத்தனை இருந்தாலும் செடிக்குத் தழைச்சத்து தராது.