டயாலிசிஸ் செய்யும் அப்பாவுக்கு நித்திரையே இல்லை

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, கமக்காரர். கிழமைக்கு இரண்டு தரம் வவுனியாவுக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் செய்கிறோம். இரவில் நித்திரை இல்லை, முற்றத்தில் நடந்துகொண்டே இருக்கிறார். உடம்பெல்லாம் அரிப்பு, கடி. பாமசியில் நித்திரைக் குளிசை வாங்கிக் கொடுக்கலாமா? – ஒரு மகள், நெடுங்கேணி

பதில்: வேண்டாம் பிள்ளை. காரணம் தெரியாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கத்துக் கமக்காரரை வாட்டுகிறது. உங்கள் கேள்வி இன்னும் பல வீடுகளில் இருக்கும்.

உங்கள் கடிதத்தில் முக்கியமான விடயம் அந்த முற்றத்து நடைதான். படுத்தால் காலுக்குள் ஏதோ ஊருவதுபோல, இழுப்பதுபோல இருக்கிறதா, எழும்பி நடந்தால் சுகமாகிறதா, பகலைவிட இரவில் கூடுகிறதா என்று அவரிடமே கேளுங்கள். ஓம் என்றால் அது பெரும்பாலும் அமைதியற்ற கால் நோய். டயாலிசிஸ் செய்பவர்களில் நிறையப் பேருக்கு இது உண்டு. 'கால் உளையுது' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். வயலில் நின்ற கால் உளையத்தானே செய்யும் என்று வீட்டாரும் எண்ணெய் பூசிவிடுவார்கள். டொக்டரின் காதுக்கு அது வருவதேயில்லை.

இரும்புச்சத்துக் குறைவு இதற்கு ஒரு பெரிய காரணம். அடுத்த முறை போகும்போது, உடம்பில் சேமித்துள்ள இரும்பைக் காட்டும் பெரிட்டின் அளவையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். குறைவென்றால் டயாலிசிஸ் நடக்கும்போதே இரும்பை ஊசியாக ஏற்றலாம். கபபென்டின் போன்ற மருந்துகளும் உண்டு. ஆனால் அது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால் சின்ன அளவில், டயாலிசிஸ் முடிந்த பிறகே கொடுப்போம். அயலில் யாருக்கோ எழுதியதை வாங்கிக் கொடுத்தால் தலைசுற்றி விழுந்துவிடுவார்.

கடிக்குப் பிரிட்டோன் குளிசை கொடுக்கிறீர்களா? அது கால் உபாதையைக் கூட்டக்கூடியது. இரத்தத்தில் பொஸ்பரஸ் கூடினாலும் கடிக்கும். முள்ளோடு சாப்பிடும் நெத்தலிக் கருவாட்டைக் குறையுங்கள். பொஸ்பரஸுக்குத் தந்த கல்சியம் குளிசையைச் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டும். பிறகு போட்டால் பயன் குறைவு.

இன்னொன்று. குறட்டை விடுகிறாரா, இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழும்புகிறாரா என்று ஓரிரவு பக்கத்தில் இருந்து பாருங்கள். உடம்பில் தேங்கிய நீர் படுத்ததும் கழுத்துப் பக்கம் ஏறி மூச்சுப்பாதையை நெருக்கும். நித்திரைக் குளிசை வேண்டாம் என்றது முக்கியமாக இதற்காகத்தான். இந்த நிலையில் அது மூச்சை இன்னும் மந்தமாக்கலாம்.

மெஷினில் படுத்திருக்கும் நேரம் முழுக்க நித்திரை கொண்டால் இரவில் எப்படி வரும்? பக்கத்தில் இருந்து கதை கொடுங்கள். பின்னேரப் பிளேன்ரீ வேண்டாம்.

படுக்கவே முடியாமல் மூச்சு வாங்கி எழும்பி உட்கார்ந்தால் மட்டும், அடுத்த டயாலிசிஸ் நாள் வரட்டும் என்றிருக்காமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.